அயர்லாந்து எதையும் புறக்கணிக்கவில்லை

ஐரோப்பிய ஒளிபரப்பு நிறுவனங்கள் நாட்டுக்கொரு பாட்டு அனுப்பும் யூரோவிஷன் போட்டியை அயர்லாந்து முதலான ஐந்து நாடுகள் ‘புறக்கணித்தன’ என்று 2025 டிசம்பரிலிருந்து படித்துக்கொண்டே இருக்கிறேன். அதோடு விட்டிருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பேன். போன வாரம் ஒரு கட்டுரையில் ‘2022-இல் ரஷ்யாவும் புறக்கணிக்கப்பட்டது’ என்று ஒரு வரி. ரஷ்யாவை யாரும் புறக்கணிக்கவில்லை. உக்ரைனுக்குள் படை நுழைந்த மறுநாள், பிப்ரவரி 25 அன்று, போட்டியை நடத்தும் ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் அதைப் போட்டியிலிருந்து வெளியே அனுப்பியது. தானாகப் போகிறவருக்கும் துரத்தப்படுகிறவருக்கும் ஒரே சொல்லா?

நாம் ‘புறக்கணிப்பு’ என்று மொழிபெயர்க்கும் ஆங்கிலச் சொல் பாய்காட் (boycott). அது ஓர் ஆளின் பெயர். சார்லஸ் பாய்காட், அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் ஒரு பிரபுவின் நிலங்களுக்குக் காரியக்காரர். 1880-இல் குத்தகைக்காரர்களை வெளியேற்றப் பார்த்தார். அடித்து உதைக்காமல் ஊரே அவரைத் தள்ளிவைத்தது. அறுவடைக்கு ஆள் இல்லை, கடையில் சாமான் இல்லை. வடக்கே அல்ஸ்டரிலிருந்து ஐம்பது பேரை வரவழைத்து, ஆயிரம் பேர் கொண்ட காவலோடு பயிரை எடுத்தார்கள். ஐந்நூறு பவுன் பயிருக்குப் பத்தாயிரம் பவுன் செலவு என்று கணக்குச் சொல்வார்கள். டிசம்பர் பிறந்ததும் மனிதர் அயர்லாந்தையே விட்டுப் போனார்.

இந்தச் செயலுக்குப் பெயர் வைத்த கதைதான் எனக்குப் பிடித்தது. ரெட்பாத் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் கிரேக்க வேர் கொண்ட ஒரு படித்த சொல்லை எழுதப் போனாராம். உள்ளூர்ப் பாதிரியார் ஜான் ஓமாலி, குடியானவர்களுக்கு அது புரியாது என்று சொல்லி, அந்த ஆளின் பெயரையே வினைச்சொல்லாக்கிக் கொடுத்தாராம். புரிய வேண்டும் என்பதற்காகப் பிறந்த சொல்லைத்தான் நாம் இப்படிக் குழப்புகிறோம்.

புறக்கணி என்பதில் என்ன தப்பு? கடைக்கண்ணால் அருளோடு பார்ப்பது கடைக்கணித்தல். அதன் எதிர்ப்பக்கமாக, கண்ணை அப்புறம் திருப்பிக்கொள்வது புறக்கணித்தல் என்று கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. கணித்தல், மதித்தல் என்று பிரிப்பவர்களும் உண்டு. எப்படிப் பிரித்தாலும் பொருள் கண்டுகொள்ளாமை. கல்யாணத்துக்கு வந்த பெரியப்பாவை ‘வாங்க’ என்று கேட்காமல் விட்டால் அது புறக்கணிப்பு. கோரிக்கை மனுவை வாங்கி அலமாரியில் போட்டுவிட்டால் அதுவும்.

அயர்லாந்து செய்தது இதற்கு நேர் எதிர். காஸாப் போரின் நடுவே இஸ்ரேலைச் சேர்த்தால் நாங்கள் வர மாட்டோம் என்று சில மாதம் முன்கூட்டியே சொல்லி, ஒன்றியத்தின் கூட்டம் முடியும்வரை காத்திருந்து, இஸ்ரேல் உண்டு என்றானதும் விலகியது. ஸ்பெயின், நெதர்லாந்து, ஸ்லோவேனியா, பிறகு ஐஸ்லாந்து எல்லாம் அதே வழி. (முடிவெடுத்தவை அரசுகள் அல்ல, அந்தந்த நாட்டு ஒளிபரப்பு நிறுவனங்கள். அதையும் நம் செய்திகள் கவனிப்பதில்லை.) அறிக்கை விட்டு, காரணம் சொல்லி, கூடிப் பேசிச் செய்வது எப்படிக் கண்டுகொள்ளாமை ஆகும்? நெதர்லாந்தில் இன்னும் வேடிக்கை: பாட ஆள் அனுப்ப மாட்டோம், ஆனால் நிகழ்ச்சியை ஒளிபரப்புவோம் என்று அறிவித்தார்கள். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே ஒரு புறக்கணிப்பு!

தேர்தல் சமயத்தில் நம் ஊர்களில் பேனர் கட்டுவார்களே, அதில் இந்தக் கோளாறு பளிச்சென்று தெரியும். ‘அரசால் புறக்கணிக்கப்பட்ட எங்கள் கிராமம் தேர்தலைப் புறக்கணிக்கிறது.’ முதல் புறக்கணிப்பு அலட்சியம், இரண்டாவது ஆத்திரம்.

சரி, பழைய ‘பகிஷ்காரம்’? 1928-இல் சைமன் கமிஷனுக்கு எதிராக ஊரெல்லாம் முழங்கிய சொல். இலங்கையில் இன்றும் வேலைநிறுத்தத்தைப் பணிப் பகிஷ்கரிப்பு என்கிறார்கள். வடமொழி என்பதற்காக நான் அதைத் தள்ள மாட்டேன். அதன் பொருள் வெளியே ஆக்குதல். சாதியிலிருந்து விலக்கிவைப்பதற்கும் அதுவே பெயர். பாய்காட்டுக்கு மேயோவில் நடந்ததற்குக் கச்சிதமாகப் பொருந்தும். ‘ஊர்விலக்கு’ என்று ஒரு நண்பர் தமிழாக்கிக் காட்டினார். எனக்கு மனம் ஒப்பவில்லை. நம் ஊர்விலக்கு பெரும்பாலும் பலமுள்ளவர்கள் எளியவர்கள் மேல் வீசுவது. மேயோவில் எளியவர்கள் வீசினார்கள். அதைவிட, யூரோவிஷனில் இந்த ஐந்து பேரும் யாரையும் வெளியே ஆக்கவில்லை. தாங்கள்தான் வெளியே போனார்கள்.

இதற்குத் தமிழில் ஆயத்தமாகவே ஒரு ஜோடி இருக்கிறது. விலகு, விலக்கு. ஒரு க் போதும். 2022-இல் ரஷ்யாவுக்கு நடந்தது விலக்கல். 2025-இல் அயர்லாந்து செய்தது விலகல். வெறும் விலகல் என்றால் காசில்லாமல் போகாதவர்களும் அதில் அடங்கிவிடுவார்களே என்றால், ‘கண்டன விலகல்’ என்று எழுதலாம். கண்டன ஊர்வலம், கண்டனப் பொதுக்கூட்டம் எல்லாம் பழகிய காதுதானே நமக்கு. சட்டசபையிலிருந்து எழுந்து போவதற்கு ‘வெளிநடப்பு’ என்று எவ்வளவு அழகாக வைத்திருக்கிறோம்! கேட்டவுடன் கால் நடப்பது தெரிகிறது.

பொருத்திப் பாருங்கள். 1975-இல் துருக்கி முதன்முறையாக யூரோவிஷனுக்கு வந்தது. முந்தைய ஆண்டு சைப்ரஸில் அதன் படை இறங்கியிருந்ததால் கிரீஸ் வரவில்லை. கண்டன விலகல். 2009-இல் மாஸ்கோ போட்டிக்கு ஜார்ஜியா எடுத்துவைத்த பாட்டில் புடின் பெயர் சிலேடையாக ஒலித்தது. வரியை மாற்று என்றது ஒன்றியம், மாட்டோம் என்று ஜார்ஜியா விலகிக்கொண்டது. பாட்டைத் தடுத்தது ஒருவர், போனது இன்னொருவர். ‘ஜார்ஜியா புறக்கணிப்பு’ என்று தலைப்புப் போட்டால் இதில் எது தெரியும்?

ஒரு ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே தமிழ்ச் சொல் என்று யார் சட்டம் போட்டார்கள் என்று தெரியவில்லை. அகராதியில் முதலில் நிற்கும் சொல்லை எடுத்து ஒட்டிவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடுகிறார்கள் மொழிபெயர்ப்பாளர்கள். யார் செய்தார், யாருக்குச் செய்தார் என்று ஒரு நொடி நின்று கேட்டால் தமிழ் வினைச்சொல் தானே பதில் சொல்லிவிடும்.

புறக்கணிப்பு என்ற சொல்லே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1978-இல் ஜோர்டான் தொலைக்காட்சி யூரோவிஷனை ஒளிபரப்பியது. இஸ்ரேல் பாட வந்தபோது திரையில் பூக்களின் படத்தைக் காட்டியது. இஸ்ரேல் ஜெயிக்கப்போகிறது என்று தெரிந்ததும் ஒளிபரப்பையே நிறுத்திவிட்டு, பிறகு இரண்டாவதாக வந்த பெல்ஜியம்தான் ஜெயித்தது என்று செய்தி சொன்னது. அதற்குப் புறக்கணிப்பு என்று தாராளமாக எழுதுங்கள்.