பஸ் காலியாகத்தான் ஓடுகிறது, சரி. ஏன் என்று யாராவது கேட்டீர்களா?

போன வாரம் இன்னொரு கூட்டம். அஞ்சாறு லட்சம் பேர் வசிக்கும் நடுத்தர நகரம். பொதுப் போக்குவரத்துக்கு எவ்வளவு ஒதுக்கலாம் என்று பேச்சு. நான் பேச ஆரம்பித்து நாலு நிமிடம்கூட ஆகியிருக்காது, ஒருவர் கையைத் தூக்கினார். "சார், இருக்கிற பஸ்ஸே காலியாத்தான் ஓடுது. முதல்ல அது நிரம்பட்டும். அப்புறம் புதுசா விடுறதைப் பத்திப் பேசலாம்." அறையில் பாதித் தலைகள் ஆமாம் என்று ஆடின.

போக்குவரத்துத் திட்டமிடலில் இருபது வருடம் ஓட்டிவிட்டேன். இந்த வாக்கியத்தைப் பொறியாளர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன், டாக்டர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன், என் சொந்த மைத்துனர் சொல்லியும் கேட்டிருக்கிறேன். இனி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லத் தெம்பு இல்லை. எழுதி வைத்துவிடுகிறேன்.

முதல் கேள்வி: பஸ் காலியாக இருந்ததை எப்போது, எங்கிருந்து பார்த்தீர்கள்? பெரும்பாலும் பதில் ஒன்றுதான். காலை 11 மணிக்கு, காருக்குள்ளிருந்து. காலையில் ஊருக்குள் வரும் பஸ் பிதுங்கி வரும், அதே பஸ் திரும்பிப் போகும்போது காலியாகப் போகும். கடைசி நிறுத்தத்துக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால் உலகத்தில் எல்லா பஸ்ஸும் காலிதான். ஆள் ஏறி இறங்கி முடிந்த இடம் அது. ஒரு பள்ளிக்கூடத்தை இரவில் போய்ப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளே வருவதில்லை என்று யாரும் சொல்வதில்லை. பஸ்ஸுக்கு மட்டும் சொல்கிறோம்.

பஸ் காலியாகத் தெரிவதற்கு இரண்டாவது காரணம் இதைவிட நுணுக்கமானது. ஒரு நிறுத்தத்தில் நானே நின்று எடுத்த கணக்கைச் சொல்கிறேன். அட்டவணைப்படி 20 நிமிடத்துக்கு ஒரு பஸ். சாயங்காலம் 5 முதல் 7 வரை கையில் அட்டையும் பேனாவுமாக நின்றேன். பஸ் வந்த நேரம் இது: 5:04, 5:41, 5:42, 6:20, 6:58, 6:59. இரண்டு மணி நேரத்தில் 6 பஸ் வர வேண்டும், 6 வந்துவிட்டது. அலுவலக அறிக்கையில் அது "நூறு சதவீத நடைகள் இயக்கப்பட்டன" என்று போகும். ஆனால் நிறுத்தத்துக்கு வந்து நிற்கிற ஆள் சராசரியாகக் காத்திருந்தது 18 நிமிடத்துக்கு மேல். பஸ்கள் ஒழுங்காக இடைவெளி விட்டு வந்திருந்தால் 10 நிமிடம்தான். அதே வண்டிகள், அதே டிரைவர்கள், அதே டீசல். காத்திருப்பு மட்டும் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

என் பக்கத்தில் ஒரு பெண் 5:05-க்கு மூச்சிரைக்க வந்து நின்றார். ஒரு நிமிடத்தில் பஸ்ஸை விட்டிருந்தார். தோளில் பை, கையில் இன்னொரு பை. 10 நிமிடம் சாலையைப் பார்த்தார், அடுத்த 10 நிமிடம் போனைப் பார்த்தார். அரை மணி தாண்டியதும் யாரையோ கூப்பிட்டார். 5:37-க்கு பைக் வந்தது, பையை மடியில் வைத்துக்கொண்டு ஏறிப் போனார். நாலு நிமிடம் கழித்து பஸ் வந்தது, உள்ளே 60 பேர், படியில் கால் வைக்க இடமில்லை. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று, உள்ளே 6 பேர்.

கூட்டத்தில் கையைத் தூக்கியவர் பார்த்தது அந்த இரண்டாவது பஸ்ஸைத்தான்.

இப்போது கணக்கைப் பாருங்கள். இரண்டு பஸ்ஸில் 66 பேர், பஸ்ஸுக்குச் சராசரி 33. கோப்பில் "பாதிதான் நிரம்புகிறது" என்று எழுதுவார்கள். ஆனால் அந்த 66 பேரையும் நிறுத்திக் கேட்டால் 60 பேர் "நசுங்கிவிட்டோம்" என்பார்கள். கோப்பும் பொய் சொல்லவில்லை, பயணியும் பொய் சொல்லவில்லை. பஸ்ஸை எண்ணுகிறோமா, ஆளை எண்ணுகிறோமா என்பதுதான் வித்தியாசம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டில் ஒன்று காலி. உள்ளே இருப்பவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு நெரிசல். இதைப் புரிந்துகொள்ளாமல் "ஆள் இல்லை" என்று நடையைக் குறைத்தால், இடைவெளி இன்னும் கூடும், பைக்கைக் கூப்பிடுகிறவர்கள் இன்னும் கூடுவார்கள், அடுத்த வருடம் அதே கையை இன்னும் உறுதியாகத் தூக்குவார்கள்.

(எங்கள் தொழிலில் ஒரு பழைய கணக்கு உண்டு. நிறுத்தத்தில் காத்திருக்கும் ஒரு நிமிடத்தை, வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் இரண்டு நிமிடமாக எண்ணுவோம். மனிதருக்கு அப்படித்தான் கனக்கிறது. உங்கள் ஊரில் யாராவது திட்டம் போட்டு, பயண வேகத்தை மட்டும் பேசி, காத்திருப்பை விட்டுவிட்டால், அவரிடம் இதைக் கேளுங்கள்.)

ஆக, நடுத்தர நகரம் இதில் பணம் போடலாமா? போடலாம், போட வேண்டும். எதில் போடுவது என்பதில்தான் ஊருக்கு ஊர் சறுக்குகிறது.

புது பஸ் வாங்கக் கிடைக்கிற உற்சாகம் அதை ஓட்ட யாருக்கும் வருவதில்லை. கொடி அசைக்க ஒரு நாள் போதும், டிரைவர் சம்பளம் 365 நாளும் வேண்டும். பணிமனையில் வரிசையாக நிற்கும் புது வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன், ஓட்ட ஆளில்லாமல். வண்டி வாங்கும் தீர்மானத்தோடு அதை ஐந்து வருடம் ஓட்டுவதற்கான செலவையும் சேர்த்து எழுதாவிட்டால், அந்தத் தீர்மானத்துக்குக் கை தூக்காதீர்கள்.

அடுத்தது வேகம். 12 கிலோமீட்டர் தடம், 10 நிமிடத்துக்கு ஒரு பஸ் என்று வையுங்கள். நெரிசலில் மணிக்கு 15 கிலோமீட்டர் என்று ஊர்ந்தால், போக 48 நிமிடம், வர 48, இரண்டு முனையிலும் சேர்த்து 12 நிமிட ஓய்வு. மொத்தம் 108 நிமிடம், 11 பஸ் வேண்டும். மோசமான இடங்களில் பஸ்ஸுக்குத் தனி வழியும் சிக்னலில் முன்னுரிமையும் கொடுத்து வேகத்தை 20 ஆக்கினால் மொத்தம் 84 நிமிடம், 9 பஸ் போதும். பெயிண்டும் கொஞ்சம் துணிச்சலும் இரண்டு பஸ்ஸை மிச்சம் பிடித்துக் கொடுக்கிறது. "கார் போகும் வழியைப் பிடுங்குகிறீர்களே" என்பார்கள். கார் மட்டும் போகும் ஒரு வழியில் மணிக்கு 2,000 பேரைக் கடத்துவதே பெரும்பாடு. அதே அகலத்தில் பஸ் மட்டும் போனால் பல மடங்கு பேர் போகலாம். யார் யாரிடமிருந்து பிடுங்குகிறார்கள்?

சாலையை அகலப்படுத்துவது பற்றி நான் நீட்டப் போவதில்லை. புது வழி போட்டால் புது வண்டி வந்து நிரப்பும் என்று அமெரிக்கப் பொருளியலாளர் ஆன்டனி டவுன்ஸ் 1962-லேயே எழுதிவிட்டார். இன்னும் டெண்டர் விட்டுக்கொண்டிருக்கிறோம்.

மெட்ரோவா? சுவிட்சர்லாந்தின் ஜூரிச் வெறும் நாலரை லட்சம் பேர் உள்ள பணக்கார ஊர். சுரங்க ரயில் திட்டத்தை 1973-ல் அங்கே மக்களே வாக்குப் போட்டு நிராகரித்தார்கள். அப்புறம் இருக்கிற டிராமையும் பஸ்ஸையும் வேகமாக்க 1977-ல் வாக்களித்தார்கள். சாலையில் ஓடும் டிராம் வந்தால் சிக்னல் வழி விடுகிறது. மாநகராட்சித் தலைவர்கள் அங்கே போய்ப் படம் எடுத்துக்கொண்டு வந்து, இங்கே சுரங்கம் கேட்கிறார்கள்! பிரேசிலின் குரிடிபா 1974-ல் பஸ்ஸுக்குத் தனி வழி போட்டபோது, ரயில் கட்டுமளவுக்கு அதனிடம் பணமே இல்லை. மெட்ரோவே கூடாது என்று சொல்லவில்லை. பஸ்ஸை நேரத்துக்கு விடத் தெரியாத ஊர், மெட்ரோ நிலையத்திலிருந்து வீட்டுக்கு எதில் போகச் சொல்லும்?

இலவசப் பயணம் அடுத்த மந்திரம். பிரான்சின் டன்கர்க் 2018-ல் கட்டணத்தையே எடுத்தது, பயணிகள் பெருகினார்கள், உண்மைதான். அதோடு முக்கியத் தடங்களில் 10 நிமிடத்துக்கு ஒரு பஸ் என்று தடங்களையும் மாற்றி அமைத்தார்கள். அந்தப் பாதியை யாரும் சொல்வதில்லை. வராத பஸ் இலவசமாக இருந்து என்ன பயன்?

ஒன்றை ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன். எல்லாத் தெருவுக்கும் 10 நிமிடத்துக்கு ஒரு பஸ் விட எந்த ஊராலும் முடியாது. வீடுகள் சிதறிக் கிடக்கும் ஓரப் பகுதிக்கு விடும் பஸ் ஒருநாளும் நிரம்பாது, அது நிரம்புவதற்காக விடுவதும் இல்லை. அங்கே வண்டி ஓட்ட முடியாத ஒரு பாட்டி இருக்கிறார், சக்கர நாற்காலியில் ஒருவர் இருக்கிறார், அவர்களுக்காக விடுகிறோம். கூட்டத்துக்காக எவ்வளவு, அவர்களுக்காக எவ்வளவு என்று முன்கூட்டியே பிரித்து அறிவியுங்கள். இரண்டையும் ஒரே தராசில் போட்டு "நஷ்டம்" என்று கத்தாதீர்கள்.

கடைசியாக ஒன்று, இதைக் கெஞ்சித்தான் கேட்கிறேன். இரவின் கடைசி நடையை வெட்டாதீர்கள். "அஞ்சு பேர்தான் சார் ஏறுறாங்க" என்று கணக்கு காட்டுவார்கள். 9:30-க்கு வேலை முடிகிற ஒருவர், தவறினால் 10 மணி பஸ் இருக்கிறது என்ற தைரியத்தில்தான் காலை 8 மணி பஸ்ஸில் ஏறுகிறார். 10 மணி பஸ்ஸை எடுத்த மறுநாள் அவர் காலையிலேயே பைக்கில் போய்விடுவார். அந்த இழப்பு காலை பஸ்ஸின் கணக்கில் விழும், காரணம் யாருக்கும் தெரியாது.

கூட்டம் முடிந்ததும் கையைத் தூக்கியவரைத் தனியாகப் பிடித்தேன். நல்ல மனிதர். அடுத்த கூட்டத்துக்கு முன்னால் ஒருநாள் சாயங்காலம் 5 மணிக்கு, காரை வீட்டில் விட்டுவிட்டு, என்னோடு அந்த நிறுத்தத்தில் வந்து நில்லுங்கள் என்றேன். கட்டாயம் வருகிறேன் என்று கை கொடுத்தார். இரண்டடி போய்த் திரும்பி வந்து கேட்டார்: "சார், அங்கிருந்து வீட்டுக்குத் திரும்ப வண்டி கிடைக்குமா?"