எக்டோபிக்: இடம் மாறித் தங்கிய கரு

என் தங்கைக்கு நாள் தள்ளிப்போய், கார்டில் இரண்டு கோடும் வந்துவிட்டது. பெரம்பூர் வீட்டில் அம்மா எல்லார் வாயிலும் சர்க்கரை போட்டார். நான்கு நாள் கழித்து அவளுக்கு அடிவயிற்றில் வலப்பக்கம் மட்டும் இழுத்துப் பிடிக்கிற மாதிரி வலி, கூடவே காப்பித்தூள் நிறத்தில் கொஞ்சம் கறை. "சூட்டு வலிதான், இளநி வாங்கிக் குடு" என்றார் அம்மா. மனசு கேட்காமல் ஸ்கேனுக்குக் கூட்டிப்போனேன். அங்கே டாக்டர் சொன்ன வார்த்தைதான் எக்டோபிக். "எக்டோபிக்னா என்னடி? கேன்சர் மாதிரியா?" என்று அம்மா ஆட்டோவில் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். எனக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

எழும்பூர் ஆஸ்பத்திரி வார்டில் ஒரு நர்ஸ்தான் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "கரு தங்க வேண்டிய எடத்துல தங்காம, வழியில டியூப்லயே தங்கிடுச்சும்மா." அம்மாவுக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. எனக்கும்தான். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் இந்தச் சொல்லைத் தேடிப் போனேன்.

எக்டோபிக் கிரேக்க வேரில் பிறந்த சொல். 'எக்' என்றால் வெளியே, 'டோப்போஸ்' என்றால் இடம். இரண்டும் சேர்ந்தால், தன் இடத்தை விட்டு விலகி இருப்பது. 1516இல் வந்த 'உடோப்பியா' என்ற சொல்லுக்குள் இருப்பதும் இதே டோப்போஸ்தான். எங்கும் இல்லாத இடம் என்று பொருள். ஆக, எக்டோபிக் என்ற சொல்லில் கர்ப்பமும் இல்லை, நோயும் இல்லை, இடம் மட்டும்தான் இருக்கிறது. அதனால்தான் இதயத் துடிப்பு ரிப்போர்ட்டிலும் 'எக்டோபிக்' என்று வரும். சிறுநீரகம் பிறவியிலேயே வேறு இடத்தில் அமைந்திருந்தாலும் அதே சொல்தான். நம் பேச்சில் மட்டும் 'கர்ப்பம்' உதிர்ந்துபோய் "அவளுக்கு எக்டோபிக்காம்" என்று நின்றுவிட்டது.

தமிழில் இதற்கு என்ன சொல்வது? 'புறக்கருத்தரிப்பு', 'இடம்பிறழ்ந்த கர்ப்பம்', 'கருப்பைக்கு வெளியே கர்ப்பம்' என்று பல விதமாக எழுதுகிறார்கள். முதல் சொல்லில் எனக்கு ஒரு தடங்கல் உண்டு. கருத்தரிப்பு என்றால் இன்றைக்கு நாம் விந்தும் முட்டையும் சேர்வதைத்தான் நினைக்கிறோம். அது இயல்பான கர்ப்பத்திலும் கருப்பைக்கு வெளியே, கருக்குழாயில்தான் நடக்கிறது. அங்கே உண்டான கரு மூன்று நான்கு நாளில் மெல்ல நகர்ந்து கருப்பைக்குள் வந்து, அதன் சுவரில் பதிய வேண்டும். கோளாறு சேர்ந்த இடத்தில் இல்லை, பதிந்த இடத்தில்தான். ஆகவே 'புறக்கருத்தரிப்பு' என்பது நோயைத் தவறான இடத்தில் காட்டுகிறது.

'பிறழ்ந்த' என்பது வேண்டவே வேண்டாம் என்பேன். மனப்பிறழ்வு, நெறிபிறழ்வு என்று பழகிய சொல் அது. ஏற்கெனவே அழுதுகொண்டிருக்கிற பெண்ணின் கர்ப்பத்துக்கு அந்த ஒட்டு எதற்கு? 'தவறான கர்ப்பம்' என்று ஒருவர் சொல்லிக் கேட்டேன். அது நம் ஊரில் வேறு அர்த்தம் கொடுத்துவிடும்.

நர்ஸ் சொன்ன 'தங்குதல்' இருக்கிறதே, அது நம் வீடுகளில் என்றைக்கும் இருக்கிற சொல். "இந்த மாசமாவது தங்குச்சா?", "ரெண்டு தடவ தங்கல" என்று தமிழ்ப் பெண்கள் கர்ப்பத்தைத் தங்கலாகவே பேசி வந்திருக்கிறார்கள். தரித்தல் என்பதிலும் இந்தப் பொருள் உண்டு. "ஓரிடத்தில் தரித்து நிற்க மாட்டான்" என்கிறோமே. அதனால் 'இடம் மாறித் தங்கிய கரு' என்பதே சரியான தமிழ் என்று எனக்குப் படுகிறது. நூற்றில் தொண்ணூறுக்கும் மேல் கருக்குழாயில்தான் இப்படி நடக்கிறது என்பதால், 'குழாயில் தங்கிய கரு' என்றாலும் பெரும்பாலும் பொருந்தும். சினைப்பையிலோ, கருப்பைவாயிலோ, பழைய சிசேரியன் தழும்பிலோ தங்குவது அபூர்வம்.

அந்தக் குழாயின் ஆங்கிலப் பெயர் 'ஃபலோப்பியன் டியூப்', 16ஆம் நூற்றாண்டு இத்தாலிய உடற்கூற்று அறிஞர் பலோப்பியோவின் பெயரில் வந்தது. அவர் அதை 'டூபா' என்றார், லத்தீனில் எக்காளம். நாதசுரத்தின் வாய் போல ஒரு முனை விரிந்திருக்கும், கருப்பைப் பக்கம் போகப் போக ஊசி நுழைகிற அளவுக்குக் குறுகும். பழைய தொற்று, பெண்ணுறுப்புக் காசநோய், முன்பு செய்த அறுவை எதனாலாவது உள்ளே தழும்பு இருந்தால் கரு நடுவழியில் நின்றுவிடும். பல பேருக்கு எந்தக் காரணமும் பிடிபடாது. பைக்கில் போனது, குடம் தூக்கியது, பப்பாளி தின்றது இதற்கெல்லாம் காரணமே இல்லை. தங்கை அந்த வாரம் முழுக்கத் தன்னைத்தான் திட்டிக்கொண்டிருந்தாள், அதனால் சொல்கிறேன்.

இங்கேதான் கவனம் வேண்டும். கருப்பையில் தங்கினாலும் குழாயில் தங்கினாலும் ஆரம்பத்தில் அறிகுறி ஒன்றுதான்: நாள் தள்ளும், மார்பு கனக்கும், குமட்டும், அசதியாக இருக்கும், கார்டில் இரண்டு கோடு வரும். கரு உண்டா என்பதைத்தான் கார்டு காட்டும், எங்கே என்பதைக் காட்டாது. ஆரம்ப வாரங்களில் லேசான வலியும் கறையும் நல்ல கர்ப்பத்திலும் பலருக்கு வரும், உடனே பயந்துவிட வேண்டாம். ஆனால் ஒரே பக்கம் வலி, தலைசுற்றல், மயக்கம், அப்புறம் தோள்பட்டை நுனியில் வலி வந்தால் தாமதிக்கக் கூடாது. தோள்வலியை வாய்வு என்று நினைத்து ஓமத்தண்ணீர் கொடுத்துவிடுவோம். குழாய் வெடித்து வயிற்றுக்குள் கசிந்த ரத்தம், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் தசைத்திரையான உதரவிதானத்தை உறுத்தும்போது, அதன் நரம்பு வழியாக வலி தோளில் தெரிகிறது. அப்போது 108ஐக் கூப்பிட வேண்டும், இளநீர் வாங்கப் போகக் கூடாது.

"அத எடுத்து கருப்பையில வெக்க முடியாதா டாக்டர்?" என்று அம்மா கேட்டார். முடியாது, அதற்கு இன்றுவரை வழி இல்லை. கர்ப்ப ஹார்மோனை அளக்கும் பீட்டா எச்சிஜி ரத்தப் பரிசோதனையை இரண்டு நாள் இடைவெளியில் செய்து, பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் உள்வழி ஸ்கேனோடு ஒப்பிட்டு முடிவெடுக்கிறார்கள். குழாய் வெடித்துவிட்டால் அறுவைதான். 1883இல் இங்கிலாந்தின் அறுவை மருத்துவர் லாசன் டைட் அப்படி வெடித்த குழாயை எடுத்து உயிரைக் காத்தார். அதற்கு முன் பெரும்பாலும் சாவுதான். சீக்கிரம் தெரிந்தால் பல பேருக்கு, கரு மேலே வளராமல் நிறுத்தும் மெத்தோட்ரெக்சேட் ஊசியே போதும். அந்த மருந்து உருவான அமெரிக்க ஆய்வுக்கூடத்தை நடத்திய எல்லாப்பிரகட சுப்பாராவ் நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தபோது இது தெரிந்திருந்தால் தங்கையிடம் சொல்லியிருப்பேன்.

அவளுக்கு ஊசியோடு சரியாகிவிட்டது. மருந்து உடம்பை விட்டுப் போகக் குறைந்தது மூன்று மாதம் கர்ப்பம் வேண்டாம் என்றார்கள். ஒருமுறை இப்படி ஆனவர்களுக்கு மறுபடி ஆகும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல், என்றாலும் பெரும்பாலானவர்களுக்கு அடுத்தது கருப்பையிலேயே தங்குகிறது. அடுத்த முறை நாள் தள்ளினால் ஆறாவது வாரத்துக்குள் ஸ்கேனுக்கு வந்து, "எங்க தங்கியிருக்குன்னு பாருங்க" என்று முதலில் கேட்கச் சொல்லியிருக்கிறார்கள்.