மெதுவாகத்தான் போனேன் டாக்டர்

ஒரே மாதத்தில் ஐந்து மணிக்கட்டு முறிவு. ஐந்துக்கும் ஒரே கதைதான். ஊருக்கு நடுவே ஓடையை ஒட்டிப் போகும் சைக்கிள் பாதை. மேடு இல்லை, கார் பஸ் தொல்லை இல்லை, இரண்டு பக்கமும் மரம். காலையில் ஒரு சுற்று போய்விட்டு வரலாம் என்று கிளம்பியவர்கள். ஹெல்மெட் போட்டிருந்தீர்களா என்று கேட்டால் ஐந்து பேரும் சொல்லிவைத்த மாதிரி, "மெதுவாகத்தான் போனேன் டாக்டர், அது ரொம்ப ஈஸியான பாதை" என்றார்கள்.

கடைசியாக வந்தவர் அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா. இடது கையை வலது கையால் ஏந்திக்கொண்டு வந்தார். பக்கவாட்டில் பார்த்தால் மணிக்கட்டு, கவிழ்த்து வைத்த முள்கரண்டியைப் போல வளைந்திருந்தது. எக்ஸ்ரே வருவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. மணிக்கட்டை ஒட்டி முன்கை எலும்பு முறியும் இதை எலும்பு மருத்துவர்கள் காலிஸ் முறிவு என்போம். எக்ஸ்ரே என்ற ஒன்றே இல்லாத 1814-ல், டப்ளினைச் சேர்ந்த ஆபிரகாம் காலிஸ் கண்ணால் பார்த்தும் கையால் தொட்டும் எழுதிவைத்தது.

முதலில் அந்த "மெதுவாகத்தான் போனேன்" என்பதைப் பேசிவிடுகிறேன். இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

சைக்கிளில் உட்கார்ந்திருக்கும்போது உங்கள் தலை தரையிலிருந்து ஏறத்தாழ 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்திலிருந்து விழும் எதுவும் தரையைத் தொடும்போது மணிக்கு 19, 20 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். இது சைக்கிளின் வேகம் இல்லை, விழுகிற வேகம். நீங்கள் ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் போனாலும் சரி, சைக்கிளை நிறுத்தி ஒரு காலை ஊன்றப் போய்த் தடுமாறிச் சாய்ந்தாலும் சரி, தலை தரையில் மோதும் அடி ஏறக்குறைய அதேதான். ஹெல்மெட்டுக்கான ஐரோப்பியத் தரமான இ.என். 1078 சோதனையிலும் இதே வேகத்தில்தான் ஹெல்மெட் மாட்டிய பொம்மைத் தலையைத் தட்டையான பரப்பில் மோதவிடுகிறார்கள். அதாவது, ஹெல்மெட் பந்தயக்காரர்களுக்கு மட்டும் செய்த பொருள் இல்லை. உட்கார்ந்த உயரத்திலிருந்து சாதாரணமாக விழும் உங்களுக்காகவே செய்தது. தயவுசெய்து இனி வேகத்தைக் காரணம் சொல்லாதீர்கள்.

சரி, எங்கே விழுகிறார்கள்? பெரும்பாலும் பாலத்தடியில். சாலைப் பாலத்துக்குக் கீழே நுழைவதற்காகப் பாதை தண்ணீர் மட்டத்தை நோக்கி இறங்கும். மழை பெய்து ஓடை ஏறி இறங்கினால் அங்கே மெல்லிய வண்டல் படிந்துவிடும். காய்ந்த மாதிரி தெரியும், ஆனால் சோப்பு போல வழுக்கும். வெயிலிலிருந்து சட்டென்று நிழலுக்குள் நுழையும் கண்ணுக்கு அது தெரியாது. வளைவும் அங்கேயேதான் இருக்கும். அந்த இடத்தில் பிரேக்கைப் பிடித்தால் முன்சக்கரம் தன் வழிக்குப் போய்விடும். ஆகவே இறக்கத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். உள்ளே போன பிறகு பிரேக்கும் வேண்டாம், திருப்பமும் வேண்டாம், நேராக உருட்டிக்கொண்டு போங்கள். ஈரமான மரப்பலகைப் பாலத்துக்கும் இதே விதிதான். எதிரே ஆள் வருகிறாரே என்று பாதையின் ஓரத்தை விட்டுப் புல்லில் இறங்கியவர்கள், திரும்ப ஏறும்போது சக்கரத்தை விளிம்போடு உரசி ஏற்றப் பார்ப்பார்கள். அது ஏறாது, ஆளைத்தான் சாய்க்கும். நின்று, இறங்கி, தூக்கி வையுங்கள்.

விழுந்த பிறகு செய்யும் தவறுகள் இன்னும் கவலை தருகின்றன. கட்டைவிரலை நன்றாக விரித்தால் அதன் அடியில், மணிக்கட்டின் ஓரமாக ஒரு சின்னக் குழி விழும். முன்பு மூக்குப்பொடியை அங்கே வைத்து உறிஞ்சுவார்களாம், அதனால் எங்கள் பாடப்புத்தகத்திலேயே அதற்கு மூக்குப்பொடிக் குழி என்று பெயர். விழுந்த பிறகு அந்தக் குழியை அழுத்தினால் வலிக்கிறதா? முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாவிட்டாலும் நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். உள்ளே ஸ்கேஃபாய்டு என்ற சின்ன எலும்பு இருக்கிறது. அதன் முறிவு முதல் படத்தில் ஒளிந்துகொள்ளும். இரத்த ஓட்டமும் அதற்குக் குறைவு என்பதால் கவனிக்காமல் விட்டால் கூடாமலே போகலாம். சுமார் இரண்டு வாரத்தில் திரும்ப வரச் சொன்னால் வாருங்கள். வலி குறைந்துவிட்டது என்று வராமல் இருந்துவிட்டு ஆறு மாதம் கழித்து வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

தலையில் அடிபட்டவர் வாந்தி எடுத்தாலோ, தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, தூக்கக் கலக்கமாக இருந்தாலோ உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இந்த அறிகுறிகளுக்காகக் காத்திருக்கவே வேண்டாம், தலையில் அடி என்றாலே போய்விடுங்கள்.

குழந்தைகளோடு போகிறவர்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். ஹேண்டில்பார் முனையில் உள்ள ரப்பர் கழன்று குழாய் வெறுமையாகத் தெரிந்தால் அன்றைக்கு அந்தச் சைக்கிளை எடுக்காதீர்கள். கீழே விழும் குழந்தையின் வயிற்றில் அந்த முனை குத்தினால் வெளியே ஒரு சின்ன வட்டத் தடம்தான் இருக்கும், உள்ளே கல்லீரலோ கணையமோ கிழிந்திருக்கலாம். குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு விளையாடவும் போகலாம். வட்டத் தடத்தைப் பார்த்தால் மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள். அப்புறம், பின்னால் உட்காரவைத்தால் காலை வைக்க இடமும் சக்கரத்துக்கு மறைப்பும் இருக்க வேண்டும். சக்கரத்தின் ஆரக்கம்பியில் சிக்கிய குதிகால் முதல் நாள் வெறும் சிராய்ப்பு மாதிரி இருக்கும். நான்கைந்து நாளில் தோல் கறுத்துப்போய் ஒட்டுத்தோல் வைக்கும் நிலைக்கு வந்த குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன்.

அந்த அம்மாவுக்கு எலும்பை நேராக்கி மாவுக்கட்டு போட்டாயிற்று. கூடவே எலும்பு அடர்த்திப் பரிசோதனைக்கும் எழுதிக் கொடுத்தேன். ஐம்பது வயதுக்கு மேல் நின்ற உயரத்திலிருந்து விழுந்து எலும்பு முறிந்தால், எலும்பு உள்ளே தேய்ந்திருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். அடுத்து இடுப்பெலும்பு முறியாமல் இருக்க நமக்குக் கிடைக்கும் நேரம் இது. பலரும் கட்டைப் பிரித்ததும் இதை மறந்துவிடுகிறார்கள். அவர் மறக்கவில்லை, பரிசோதனை முடிவைக் கையோடு கொண்டுவந்தார். மறுபடி எப்போது ஓட்டலாம் என்று கேட்டார். என் இரண்டு விரல்களை நீட்டி, பிரேக்கைப் பிடிப்பது போல அழுத்தச் சொன்னேன். பிடி இன்னும் தளர்வாகத்தான் இருந்தது. இன்னும் மூன்று வாரம் பந்தை அழுத்திப் பயிற்சி செய்யுங்கள், வரும்போது ஹெல்மெட்டையும் கொண்டுவாருங்கள், பட்டையை நானே சரிசெய்து தருகிறேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.