எந்தப் பிரிவின் கீழ் என்று கேட்க முடியாத நாடு

சர்வாதிகார அரசுகளைப் பற்றிய நாவல்களைப் படித்தவர்கள் பெரும்பாலும் அவற்றில் வரும் சித்திரவதை அறைகளையும் கண்காணிப்புக் கருவிகளையும்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். குற்றவியல் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞரான என்னை உறுத்துவது வேறொன்று. ஜார்ஜ் ஆர்வெல் 1949இல் வெளியிட்ட '1984' நாவலின் ஓஷியானியா நாட்டில் சட்டம் என்பதே கிடையாது. வின்ஸ்டன் ஸ்மித் பழைய நோட்டு ஒன்றை வாங்கி வந்து, வீட்டில் இருப்பவரைக் கண்காணிக்கச் சுவரில் பதித்த தொலைத்திரையின் பார்வை எட்டாத மூலையில் ஒடுங்கி உட்கார்ந்து நாட்குறிப்பு எழுதத் தொடங்குகிறான். அதைத் தடை செய்யும் சட்டம் ஏதுமில்லை. ஆனால் பிடிபட்டால் மரணம், இல்லையென்றால் குறைந்தது 25 ஆண்டுகள் கட்டாய உழைப்பு முகாம் என்பது அவனுக்குத் தெரியும்.

எவ்வளவு கொடிய சட்டமானாலும் அதற்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்கு இப்பால் நின்றுகொண்டு ஒருவர் தன் விருப்பப்படி வாழலாம். எல்லையைத் தவறான இடத்தில் வகுத்திருக்கிறார்கள் என்று நீதிமன்றத்தில் வாதாடவும் செய்யலாம். எல்லையே வகுக்கப்படாத இடத்தில் வாதாட எதுவும் இல்லை. தொலைத்திரைக்குப் பின்னால் எந்த நேரத்தில் ஆள் இருக்கிறார் என்று தெரியாததால், எப்போதும் இருக்கிறார் என்றே வைத்துக்கொண்டு, முகத்தில் ஒரு சுளிப்புகூடத் தெரியாதபடி நடமாட வேண்டியிருக்கிறது. இப்படி ஆண்டுக்கணக்கில் நடித்தவருக்குத் தன் சொந்த முகம் எது என்பது மறந்துபோவதில் வியப்பில்லை.

வின்ஸ்டனின் அடுத்த வீட்டுக்காரரான பார்சன்ஸின் கதை இதற்குச் சான்று. ஆளும் கட்சிக்கு அவரைப்போல் விசுவாசி கிடையாது. அவர் தூக்கத்தில் கட்சித் தலைவரான பெரியண்ணனுக்கு எதிராக ஏதோ உளறியதை ஏழு வயது மகள் சாவித் துவாரத்தின் வழியே கேட்டுவிட்டுக் காட்டிக்கொடுக்கிறாள். சிறைக்கு வந்த பின்பும் அவர் மகளை நொந்துகொள்வதில்லை. அவளைச் சரியாக வளர்த்திருக்கிறோம் என்று பெருமைப்படுகிறார். கைதியை அவன் மிகவும் அஞ்சும் ஒன்றைக் காட்டிப் பணியவைக்கும், பலரும் எடுத்துக்காட்டும் 101ஆம் எண் அறையைவிட இந்தக் காட்சிதான் கொடூரமானது என்பேன். அடித்துப் பணியவைக்க வேண்டிய தேவையே இல்லாத மனிதர் அவர்.

1985இல் வெளியான மார்கரெட் அட்வுட்டின் 'த ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' நாவலில் இதே அழிப்பு சட்டத்தின் பெயராலேயே நடக்கிறது. நாயகி சிகரெட் வாங்கப் போகும் கடையில் அவளுடைய கணக்கு எண் செல்லாது என்கிறார்கள். அன்றைக்கே அவளுக்கு நூலக வேலையும் போய்விடுகிறது. காரணம் கேட்டால் 'சட்டம்' என்பதுதான் பதில். பெண்கள் பெயரில் சொத்தோ பணமோ இருக்கக் கூடாது என்பது பிறகுதான் தெரியவருகிறது. இங்கே எல்லை இருக்கிறது. ஆனால் அது ஒரே நாளில் அவள் காலுக்கடியிலேயே வரையப்பட்டிருக்கிறது.

கதைதானே என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. நம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66ஏ என்றொரு பிரிவு இருந்தது. இணையத்தில் மற்றவரைப் புண்படுத்தும் செய்தியையும், பொய்யென்று தெரிந்தே எரிச்சலூட்ட அனுப்பும் செய்தியையும் மூன்றாண்டுச் சிறைக்குரிய குற்றமாக்கிய அந்தப் பிரிவில், எது புண்படுத்துவது, எது எரிச்சல் என்பதற்கு விளக்கம் இல்லை. 2012இல் மகாராஷ்டிரத்தின் பால்கரில், தலைவர் ஒருவரின் மறைவையொட்டிய கடையடைப்பைக் கேள்வி கேட்டு முகநூலில் எழுதிய இளம்பெண்ணோடு, அந்தப் பதிவுக்கு 'லைக்' போட்ட பெண்ணும் கைதானார். ஷ்ரேயா சிங்கால் வழக்கில் 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவின் தெளிவின்மையையே முக்கியக் காரணமாகச் சொல்லி அதை ரத்து செய்தது. அதன் பிறகும் சில மாநிலங்களில் அதே பிரிவில் வழக்குகள் பதிவாகிக்கொண்டிருந்ததால், 2022இல் நீதிமன்றம் மீண்டும் தலையிட வேண்டியிருந்தது.

இதை வைத்து நம் நாட்டை ஓஷியானியா என்றால் அது மிகை. அங்கே ரத்து செய்யச் சட்டமும் இல்லை, ரத்து செய்ய நீதிமன்றமும் இல்லை. ஆனால் தெளிவில்லாத அச்சம் விட்டுச்செல்லும் தடத்தை என் அலுவலகத்தில் அடிக்கடி பார்க்கிறேன். குடிநீர் வரவில்லை என்று வாட்ஸ்அப் குழுவில் எழுத நினைத்தவர், "இதைப் போட்டா கேஸ் வருமா சார்?" என்று கைப்பேசியை நீட்டுவார். அதிகாரியின் பதவிப் பெயரை, தெருவின் பெயரை, கடைசியில் குடிநீர் என்ற சொல்லையே அவர் ஏற்கனவே நீக்கியிருப்பார். எந்தச் சட்டத்தில் வழக்கு வரும் என்று நினைக்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்டால் பதில் வராது. அவதூறும் வதந்தி பரப்புவதும் இன்றும் குற்றங்கள்தாம். அவற்றுக்கு வரையறை உண்டு, அவருடைய செய்தி அதற்குள் வராது என்று பொறுமையாக விளக்க வேண்டியிருக்கிறது.

இப்படிப்பட்ட பதிவுக்காகக் காவல் நிலையத்திலிருந்து "சும்மா வந்துட்டுப் போங்க" என்று அழைப்பு வந்தால், பதறாமல், எந்தப் புகார், எந்தப் பிரிவு என்று மரியாதையாகக் கேளுங்கள். வழக்கு பதிவாகி, கைது தேவையில்லை என்று கருதி விசாரணைக்கு அழைப்பதானால், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35(3) பிரிவின்படி எழுத்துபூர்வமான அறிவிப்பு தர வேண்டும். அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் கூறியிருக்கிறது. முறைப்படி அறிவிப்பு வந்தால் போகாமல் இருந்துவிடக் கூடாது. அதன் நகலோடு, போவதற்கு முன்பே ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிடுங்கள்.