பழைய லாப் ஸ்டீல் கிதார் வாங்குகிறீர்களா? மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்

காரைக்குடியில் வீணை, ஆர்மோனியம், கிதார் எல்லாம் பழுது பார்க்கிறேன். சில வருடங்களாகப் புது மாதிரி ஒரு பெட்டி கடைக்கு வருகிறது. மேலே அமெரிக்க முகவரி, உள்ளே பழைய லாப் ஸ்டீல் கிதார். மடியில் கிடத்தி, கம்பியை விரலால் அழுத்தாமல் ஓர் இரும்புத் துண்டை அதன்மேல் வழுக்கி வாசிப்பது. கோட்டுவாத்தியம் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம். பழைய சினிமாப் பாட்டுகளில் ஹவாயன் கிதார் என்று கேட்டோமே, அந்தக் குடும்பம்தான். காரைக்குடி சகோதரர்களில் மூத்தவரான சுப்பராம ஐயர் வீணையையே செங்குத்தாக நிறுத்தி வாசித்தவர். அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு கிதாரைப் படுக்கப் போடுகிறாயே என்று என் அப்பா கேலி செய்வார்.

போன வருடம் தேவகோட்டையிலிருந்து ஓர் அண்ணன் வந்தார். வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். "தம்பி, 1934 ரிக்கன்பேக்கர். பேக்லைட் உடம்பு. மெதுவா எடுங்க" என்றார். எடுத்துப் பார்த்தேன். நல்ல வாத்தியம்தான். ஆனால் பேக்லைட் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கில் ரிக்கன்பேக்கர் நிறுவனம் செய்த மாடலே 1935இல்தான் வந்தது. 1932இல் விற்பனைக்கு வந்த முதல் மாடல் வார்ப்பு அலுமினியம். வாணலி மாதிரி இருந்ததால் அமெரிக்காவில் 'ஃப்ரையிங் பேன்' என்றே அதற்குப் பெயர். இன்னொன்று, கம்பிகளுக்கு மேலே வளைந்து நிற்கும் குதிரை லாடக் காந்தங்கள். இரண்டாம் உலகப் போருக்கு முன் வந்தவற்றில் அவற்றின் அகலம் ஒன்றரை அங்குலம், போருக்குப் பிறகு ஒன்றேகால். ஸ்கேலை வைத்தேன். ஒன்றேகால்.

விற்றவர் வேண்டுமென்றே ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன், பாதிப் பேருக்குத் தெரியாது. ஆனால் போருக்கு முந்தையது என்றால் விலை ஒரு படி மேலே போகும், அந்தப் படியை அண்ணன் கொடுத்திருந்தார். அது போகட்டும் என்றால், ஆம்ப்ளிஃபயரில் செருகியபோது சத்தமே வரவில்லை. கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பின் செம்புச் சுருள் உள்ளே அறுந்திருந்தது.

எனக்கு இதில்தான் ஆச்சரியம். இதே அண்ணன் எங்கள் ஊரில் பழைய சாமான் விற்கும் முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு எனாமல் தூக்குச்சட்டி வாங்கினால் கவிழ்த்து அடியைப் பார்ப்பார், விளிம்பைத் தடவுவார், பர்மா தேக்கு என்று சொன்னால் நகத்தால் கீறிப் பார்ப்பார். வீடு வீடாகப் பழைய சாமான் கைமாறும் ஊர் இது, எது பழசு எது பழசாக்கப்பட்டது என்று குழந்தைக்கும் தெரியும். கைபேசியில் பளபளவென்று பத்துப் படம் பார்த்தவுடன் அந்தப் புத்தி எங்கே போகிறது என்று தெரியவில்லை. பத்தும் முன்பக்கப் படம். நீங்கள் காசு கொடுப்பதோ மின்பாகங்களை மறைக்கும் மூடிக்கு உள்ளே இருப்பதற்கு.

அதனால் முதலில் மூடியைக் கழற்றிப் படம் எடுக்கச் சொல்லுங்கள். திருகாணியைக் கழற்ற முடியாது என்றால் வேறு ஆளைப் பாருங்கள். அப்புறம் மல்டிமீட்டர். இதற்கு மூடியைக்கூடத் திறக்க வேண்டியதில்லை. ஜாக்கில் ஒரு கேபிளைச் செருகி, வால்யூமை முழுக்கத் திருகி, கேபிளின் மறுமுனையில் நுனிக்கும் உடலுக்கும் இடையே ஓம் அளந்து, மீட்டரோடு சேர்த்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எண் மாடலுக்கு மாடல் மாறும். சுருள் நன்றாக இருந்தால் பெரும்பாலும் சில ஆயிரம் ஓமில் ஓர் எண் நிலையாக நிற்கும். லட்சக்கணக்கில் காட்டினால் அது வால்யூம் கட்டுப்பாட்டின் எண் மட்டும்தான், சுருள் அறுந்திருக்கலாம். ஒன்றுமே காட்டாவிட்டால் ஜாக்கிலோ வயரிலோ எங்கோ இணைப்பு அறுந்திருக்கிறது. அறுந்த சுருளைத் திரும்பச் சுற்றலாம். ஆனால் பல பிக்கப்புகளில் இருப்பது 42ஆம் நம்பர் செம்புக் கம்பி, 0.06 மில்லிமீட்டர் சொச்சம், தலைமுடி கனம். மோட்டார் காயில் கட்டும் கடையில் கேட்டால் சிரிப்பார்கள். சுற்றிக்கொண்டு வந்த பிறகும் அசல் சுருள் இல்லை என்று மறுவிற்பனை விலை இறங்கும்.

உள்ளே தெரியும் வால்யூம் கட்டுப்பாட்டின் முதுகில் பெரும்பாலும் எண் அச்சடித்திருக்கும். முதல் மூன்று இலக்கம் செய்த நிறுவனம்: 304 என்றால் ஸ்டாக்போல், 137 என்றால் சி.டி.எஸ். ஆறு இலக்க எண்ணில் அடுத்தது வருடத்தின் கடைசி இலக்கம், மீதி இரண்டும் வாரம். 304632 என்றிருந்தால் ஏதோ ஒரு '6' வருடத்தின் 32ஆம் வாரம். 1946ஆ 1956ஆ என்பதை மற்ற அடையாளங்களை வைத்து முடிவு செய்ய வேண்டும். அந்த வாரத்துக்கு முன்னால் அந்தக் கட்டுப்பாடு பிறக்கவில்லை என்பது மட்டும் நிச்சயம். பற்றவைப்பு ஈயம் புதிதாகப் பளபளத்தால், பின்னாளில் யாரோ மாற்றியிருக்கலாம்.

முத்துச்சிப்பி மாதிரி மினுங்கும் பிளாஸ்டிக் உறை போட்டவை நிறைய வரும், சுப்ரோ, மேக்னடோன் போன்றவை. அழகாக இருக்கும், விலையும் குறைவு. அந்த உறை செல்லுலாய்டு. வயதானால் சுருங்கும், ஓரம் பிளக்கும், அதிலிருந்து கிளம்பும் ஆவி பக்கத்து உலோகத்தைப் பச்சை பிடிக்க வைக்கும். மூலைகளைக் கிட்டத்தில் படம் கேளுங்கள். கம்பியை முறுக்கும் பிரடையின் வெள்ளைக் குமிழ்களும் அப்படித்தான், சில சமயம் விரல் பட்டாலே பொடியாகும்.

மரம் பற்றி ஒரு வார்த்தை. பழைய அமெரிக்கக் கருவிகள் சிலவற்றில் விரல் பலகை பிரேசில் ஈட்டி மரம். அது 1992 முதல், அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் முதல் இணைப்பில் இருக்கிறது. அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லை தாண்டினால் பறிமுதல் ஆகலாம். அலுமினியத்துக்கும் பேக்லைட்டுக்கும் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் பேக்லைட் கீழே விழுந்தால் பீங்கான் மாதிரிதான். கம்பியைக் கொஞ்சம் தளர்த்தி, தலைப்பகுதிக்கு அடியில் மெத்தை கொடுத்து, பெட்டிக்குள் பெட்டியாகக் கட்டச் சொல்லி எழுத்தில் வாங்குங்கள்.

சுங்கத்துக்கு வருவோம். வரி கிதார் விலைக்கு மட்டும் இல்லை. விலை, அனுப்பும் கூலி, காப்பீடு மூன்றையும் கூட்டித்தான் போடுவார்கள். அதற்குமேல் இறக்குமதிக்கான ஜி.எஸ்.டி.யான ஐ.ஜி.எஸ்.டி. 600 டாலர் கிதாருக்கு 150 டாலர் கூலி என்றால் 750இலிருந்துதான் கணக்கே ஆரம்பிக்கும். விகிதம் மாறிக்கொண்டே இருப்பதால் வாங்கும் வாரத்தில் கொரியர்காரரிடம் கேளுங்கள். இன்னொன்றையும் அவரிடம் முன்கூட்டியே கேட்க வேண்டும்: தொழிலுக்கான மூலதனப் பொருள் அல்லாத பழைய பொருட்களின் இறக்குமதி நம் வெளிநாட்டு வர்த்தகக் கொள்கையில் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. 'பழசு' என்று சீட்டில் எழுதியிருப்பதைப் பார்த்துச் சரக்கை நிறுத்திவைத்தால் யார் பேசுவது, எந்தத் தாள் வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். 50 டாலர் என்று குறைத்து எழுதட்டுமா என்று விற்பவர் ஆசை காட்டுவார். வழியில் உடைந்தால் காப்பீடும் அந்த 50 டாலர்தான். மாட்டினால் அபராதம் உங்களுக்கு, அவருக்கு இல்லை.

கூடவே பழைய ஆம்ப்ளிஃபயர் சும்மா தருகிறேன் என்றால் வேண்டாம் என்பேன். அது 110–120 வோல்ட் சாமான். பள்ளத்தூரில் ஒரு தம்பி நேராக நம் 230இல் செருகி, முகப்பெல்லாம் புகை. வோல்ட்டைக் குறைக்கும் ஸ்டெப் டவுன் வைத்தாலும் நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதன் டிரான்ஸ்ஃபார்மர் 60க்குச் செய்தது, கூடுதலாகச் சூடேறும். எர்த் கம்பி இல்லாத இரண்டு முள் பிளக் வேறு. நம் பழைய வீடுகள் சிலவற்றில் எர்த்தே கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிதாருக்கு மின்சாரம் தேவையில்லை, இங்கே கிடைக்கும் எந்தக் கிதார் ஆம்ப்ளிஃபயரிலும் பாடும்.

தேவகோட்டை அண்ணன் அந்த ரிக்கன்பேக்கரை என்னிடமே விட்டுவைத்திருக்கிறார், சுருள் சுற்ற ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன். ஆசை விடவில்லை, தை மாதம் இன்னொன்று வாங்கினார், முத்துச்சிப்பி உறை போட்ட சுப்ரோ. இந்தத் தடவை மீட்டர் படம் வரும்வரை காசு அனுப்பவில்லை. "ஆச்சிகூட அந்த அமெரிக்காக்காரன் பாவம்னு சொல்லிட்டா தம்பி" என்றார். வந்து இறங்கியதில் வால்யூம், டோன் குமிழ் இரண்டும் உடைந்திருந்தன, வேறு குறை இல்லை. முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு பழைய வால்வு ரேடியோவின் குமிழ் இரண்டு கிடைத்தன, ஜோடி எண்பது ரூபாய். அச்சாகப் பொருந்தின.