நீறு பூத்த கரியை நம்பாதீர்கள்

முந்தின நாள் இரவு வீட்டுத் தோட்டத்தில் பார்பிக்யூ. நண்பர்களும் உறவினர்களும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பியாயிற்று. மிச்சக் கரியைத் தோட்டத்து ஓரமாகக் கொட்டி, மேலே மண்ணைத் தள்ளி மூடியும் ஆயிற்று. மறுநாள் காலை வெறுங்காலோடு விளையாடப் போன இரண்டு வயதுக் குழந்தை அந்த மண்மேல் ஏறி நின்றது. இரண்டு உள்ளங்காலும் வெந்த நிலையில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். "ராத்திரியே அணைச்சிட்டோம் டாக்டர்" என்று குழந்தையின் அப்பா திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

தீக்காயப் பிரிவில் வேலை பார்க்கும் நான் இதைக் கோடைதோறும் கேட்கிறேன். வீடு வேறு, குடும்பம் வேறு, சொல்வது மட்டும் அதேதான். இந்த முறை கேட்டபோது, எழுதாமல் இருப்பது தவறு என்று பட்டது. அந்த அப்பா பொய் சொல்லவில்லை. பொறுப்பில்லாதவரும் இல்லை. அணைந்துவிட்டதாகவே அவர் கண்ணுக்குத் தெரிந்தது. கரி நெருப்பில் கண்ணை நம்பக் கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். விறகில் ஈரமும் பிசினும் இன்னும் பல பொருட்களும் இருக்கின்றன. சூடேறும்போது அவை ஆவியாக வெளியே வருகின்றன. அந்த ஆவி பற்றினால் கொழுந்து, பற்றாமல் போனால் புகை. கரி என்பது அதெல்லாம் ஏற்கெனவே வெளியேறிய பிறகு மிஞ்சுவது. பெரும்பகுதி வெறும் கார்பன். அது எரியக் கொழுந்து வேண்டியதில்லை. காற்றில் உள்ள ஆக்சிஜன் நேரே மேற்பரப்பைத் தொட, கரி அங்கேயே எரிகிறது. நன்றாகப் பிடித்த கரியில் புகை இருக்காது. கொழுந்தும் அநேகமாக இருக்காது. இருட்டில் பார்த்தால் செந்தணல் தெரியும். வெயிலில் அதுவும் தெரியாது, சாம்பல் பூத்த கட்டிகள்தான் தெரியும். கிரில் பழகியவர்கள் சமைக்க ஏற்ற பதம் என்று சொல்வது அந்தச் சாம்பல் பூத்த நிலையைத்தான். பார்வைக்கு அணைந்தது போலிருக்கும் அந்த நேரத்தில்தான் கரி பல நூறு டிகிரி சூட்டில் இருக்கிறது.

மேலே படிந்த சாம்பல் ஒரு போர்வை மாதிரி. உள்ளே இருக்கும் சூட்டை வெளியே விடாது, காற்றையும் கொஞ்சமாகத்தான் உள்ளே விடும். காற்று குறைந்தால் கரி உடனே அணைந்துவிடும் என்று நினைக்கிறார்கள். இல்லை, நிதானமாக, நெடுநேரம் எரிகிறது. மண் போட்டு மூடுகிறவர்கள் அந்தப் போர்வையை இன்னும் தடிமனாக்குகிறார்கள். மணல் போட்டு மூடிய நெருப்பு 8 மணி நேரம் கழித்தும் 100 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக இருக்கக்கூடும் என்று அளந்தே பார்த்திருக்கிறார்கள். 60 டிகிரி வெந்நீர் ஒரு பெரியவரின் தோலை ஏறக்குறைய 5 விநாடியில் ஆழமாகச் சுட்டுவிடும்; குழந்தையின் மெல்லிய தோலுக்கு அவ்வளவு நேரம்கூட வேண்டாம். போதாததற்கு, மண் கரியை மறைத்தும் விடுகிறது. திறந்து கிடந்தால் யாராவது பார்த்து விலகவாவது வழி இருக்கும்.

சூடு பட்டதும் பெரியவர் துள்ளி விலகிவிடுவார். நடை பழகிய புதிதில் இருக்கும் குழந்தை நின்ற இடத்திலேயே நின்று அலறும், இல்லையென்றால் விழுந்து கையையும் ஊன்றும். முதல் நாளே "எவ்வளவு ஆழம், எப்போது ஆறும்?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். அன்றைக்கு எங்களாலேயே உறுதியாகச் சொல்ல முடியாது. இரண்டு மூன்று நாளில் காயத்தின் ஆழம் கூடுவது உண்டு. ஆழமான காயத்துக்குத் தோல் ஒட்டுச் சிகிச்சை செய்கிறோம். குழந்தை வளரும் வேகத்துக்குத் தழும்பு வளராது. அது விரல்களை இழுத்துப் பிடிக்கும், நடை மாறும், சில வருடம் கழித்து மறுபடி அறுவை சிகிச்சை தேவைப்படும். மண்ணை அள்ளிப் போடும் நேரத்தில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றியிருந்தால் இத்தனையும் நடந்திருக்காது.

மூடி உள்ள கிரில் என்றால் மூடியைப் போட்டு, காற்றுத் துளைகள் எல்லாவற்றையும் அடைத்து, அப்படியே விட்டுவிடுங்கள். சாம்பலை அள்ளும் வேலை 48 மணி நேரத்துக்குப் பிறகு. மூடி இல்லாத அடுப்பு, தரையில் மூட்டிய நெருப்பு என்றால் தண்ணீர்தான். தள்ளி நின்று, பக்கவாட்டிலிருந்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். மொத்தமாகக் கவிழ்த்தால் நீராவி முகத்தில் அடிக்கும். நீளமான கம்பியால் கிளறி மறுபடி ஊற்றுங்கள். சீறும் சத்தம் நின்றால் மட்டும் போதாது, புறங்கையை மேலே கொண்டுபோனால் சூடே தெரியக் கூடாது. சாம்பல் போக வேண்டிய இடம் மூடி போட்ட இரும்பு வாளி. பிளாஸ்டிக் குப்பைத் தொட்டியில் கொட்டி, அது நடுராத்திரியில் பற்றிக்கொண்டு வீட்டுச் சுவர்வரை போன கதைகள் எந்தத் தீயணைப்பு வீரரிடம் கேட்டாலும் கிடைக்கும்.

மாலை தொடங்கும்போது இதே நம்பிக்கை வேறு விதமாக வந்து சுடுகிறது. கரி பற்றவைத்துக் கால் மணி நேரம் ஆகிறது, கொழுந்தைக் காணோம், விருந்தினர் வந்துகொண்டிருக்கிறார்கள். "பிடிக்கவே இல்லை" என்று யாரோ ஒருவர் பெட்ரோலோ ஸ்பிரிட்டோ எடுத்து வந்து ஊற்றுகிறார். கரியோ உள்ளுக்குள் கனன்றுகொண்டிருக்கிறது. அதன்மேல் விழுந்த திரவம் நொடியில் ஆவியாகிக் காற்றில் பரவி, மொத்தமாகப் பற்றுகிறது. பாட்டில் பாதி காலியாக இருந்தால் இன்னும் மோசம்: உள்ளே ஆவியும் காற்றும் கலந்து நிற்கிறது, நெருப்பு பாட்டிலின் வாய்க்குள் ஏறி, பீய்ச்சி அடிப்பது போல வெளியே பாய்கிறது. எதிரே நின்று பேசிக்கொண்டிருந்தவர்தான் அதில் சிக்குகிறார். ஸ்பிரிட்டில் எரியும் நெருப்பு பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே சரியாகத் தெரியாது. கை சுத்தம் செய்யும் ஆல்கஹால் ஜெல்லும் அதே ரகம்தான்.

இப்படி வருகிறவர்களுக்கு முகம், கண் இமை, கைகள் என்று ஒரே வரிசையில் காயம் இருக்கும். நாங்கள் முதலில் கேட்பது அவர்களுடைய குரலை. குரல் கரகரத்தால், மூக்கு முடி கருகியிருந்தால், மூச்சுப்பாதை உள்ளே வீங்கி அடைபடப் போகிறது என்று பயப்படுகிறோம். அவரே நடந்து வந்து தெளிவாகப் பேசினாலும் நாங்கள் அவசரப்படுவது இதனால்தான்.

கரி பிடிக்க நேரம் ஆகும். சிம்னி ஸ்டார்ட்டர் என்ற இரும்புக் குழாய் ஒன்று இருக்கிறது. கீழே காகிதம், மேலே கரி, 15 முதல் 20 நிமிடத்தில் ஒரு சொட்டு எரிபொருள் இல்லாமல் தணல் தயார். திரவம்தான் பழக்கம் என்றால், கரி பற்றவைக்க என்றே விற்பதை மட்டும், கரி குளிர்ந்திருக்கும்போது மட்டும், ஒரே தடவை. தீக்குச்சி கிழித்த பிறகு எந்த பாட்டிலும் அடுப்புப் பக்கம் வரக் கூடாது. விருந்தினர் காத்திருக்கட்டும். யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

அடுத்தது உயிரையே எடுப்பது. மழை தூறத் தொடங்குகிறது, அல்லது இரவில் குளிர்கிறது. சமையல் முடிந்த கிரிலை, "அதான் புகையே இல்லையே" என்று கார் நிறுத்தும் அறைக்கோ கூடாரத்துக்கோ வீட்டுக்குள்ளேயோ இழுத்து வருகிறார்கள். புகை இல்லாத அந்தத் தணலிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு வந்துகொண்டே இருக்கிறது. சொல்லப்போனால், கொழுந்து எரியும் நேரத்தைவிடக் கனன்றுகொண்டிருக்கும் நேரத்தில்தான் அது அதிகம் வருகிறது. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்கிறது. ஜன்னலைத் திறந்து வைத்தோம் என்பார்கள். திறந்த ஜன்னல் இதற்குப் போதாது. தணல் உள்ள கிரில் கூரைக்குக் கீழே வரவே கூடாது, கூடாரத்துக்குள் ஒரு நிமிடம்கூடக் கூடாது.

இதில் எங்கள் தொழிலிலும் ஏமாற இடம் உண்டு. தலைவலி, தலைசுற்றல், குமட்டல், வாந்தி. பார்பிக்யூ சாப்பிட்ட இரவில் இவை வந்தால் எல்லோரும் இறைச்சியைத்தான் குற்றம் சொல்வார்கள். காய்ச்சல் இல்லாமல், ஒரே அறையில் இருந்த பலருக்கு ஒரே நேரத்தில், அதுவும் வெளியே வந்தால் குறைகிறது என்றால் விஷயம் சாப்பாடாக இருக்க வாய்ப்பில்லை. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரைக் காட்டி "98 இருக்கு, பயமில்லை" என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். சாதாரண ஆக்சிமீட்டருக்கு ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினையும் கார்பன் மோனாக்சைடு ஏறியதையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஆள் மயங்கிக் கிடக்கும்போதும் அது நல்ல அளவையே காட்டும். இரத்தப் பரிசோதனை செய்தால்தான் உண்மை தெரியும். எல்லோரையும் வெளியே கொண்டுவாருங்கள், ஆம்புலன்ஸை அழையுங்கள், கரி அடுப்பு உள்ளே இருந்தது என்பதை மறக்காமல் சொல்லுங்கள். சாதாரணக் காற்றில் இரத்தத்திலுள்ள விஷம் பாதியாகக் குறைய 4 முதல் 6 மணி நேரம் ஆகும். முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரம். கர்ப்பிணி இருந்தால் அவருக்கு லேசான தலைவலிதான் என்றாலும் கூட்டி வாருங்கள், வயிற்றில் இருக்கும் சிசுவுக்குப் பாதிப்பு கூடுதலாக இருக்கும். பிழைத்தவர்களில் சிலருக்கு நாட்கள், வாரங்கள் கழித்து மறதியும் தடுமாற்றமும் வருவதைப் பார்த்திருக்கிறோம்.

சாப்பாட்டைப் பற்றி நிறையப் பேர் எழுதுகிறார்கள், நான் சுருக்கமாக முடிக்கிறேன். கோழியின் வெளிப்புறம் கருகியிருப்பதால் உள்ளே வெந்துவிட்டது என்று அர்த்தமில்லை. நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸ் தொட வேண்டும், அதற்கு ஒரு வெப்பமானி வாங்குங்கள். பச்சை இறைச்சி வைத்த தட்டில் வெந்ததை வைக்காதீர்கள். கம்பி பிரஷ்ஷால் கிரிலைத் தேய்த்தால் அறுந்த கம்பி ஒட்டிக்கொண்டு உணவோடு தொண்டைக்கும் குடலுக்கும் போகிறது. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2012-லேயே இதைப் பற்றி எச்சரித்தது. கேஸ் கிரில் என்றால் மூடியைத் திறந்து வைத்துத்தான் பற்றவைக்க வேண்டும். பற்றாவிட்டால் கேஸை மூடிவிட்டு ஐந்து நிமிடம் பொறுங்கள்.

விருந்து வைக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். அழைப்பு அனுப்பும் நாளிலேயே, அடுப்பு யார் பொறுப்பு என்று முடிவு செய்யுங்கள். அன்று மது அருந்தாத ஒருவர், கரி பற்றவைப்பது முதல் தண்ணீர் ஊற்றிக் கிளறுவதுவரை அவரே. எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டால் யாரும் பார்ப்பதில்லை. அடுப்பைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் குழந்தைகள் வராதபடி நாற்காலிகளையோ வேறு எதையோ வைத்து மறியுங்கள். வாயால் அதட்டுவது மட்டும் போதாது. தொங்கும் துணி, நைலான் துணி வேண்டாம், உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் வாளியும் குழாயும் பக்கத்திலேயே தயாராக இருக்கட்டும்.

அப்படியும் சுட்டுவிட்டால், குழாய்த் தண்ணீர். 20 நிமிடம் ஓடவிடுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள், ஏனென்றால் பதற்றத்தில் இரண்டு நிமிடமே இருபதாகத் தெரியும். சுட்டு நேரமாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள், 3 மணி நேரம்வரை தண்ணீர் பலன் தரும். ஐஸ் வேண்டாம், அது இரத்த ஓட்டத்தைக் குறைத்துக் காயத்தை ஆழமாக்கும். பற்பசை, வெண்ணெய், முட்டை, காப்பித்தூள், பேனா மை எதுவும் வேண்டாம். அதைத் துடைத்தெடுக்க நாங்கள் செலவழிக்கும் நேரம் முழுவதும் வலி குழந்தைக்குத்தான். வீங்கும் முன்பே மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றுங்கள். தோலில் ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். காயத்தின்மேல் உணவு மூட உதவும் மெல்லிய பிளாஸ்டிக் படலத்தைத் தளர்வாக விரித்து, உடம்பின் மற்றப் பகுதிகளைப் போர்த்தி, அழைத்து வாருங்கள். முகம், கை, பாதம், மூட்டு, பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் சுட்டிருந்தால், குழந்தைக்குச் சுட்டிருந்தால், காயம் சின்னதாகத் தெரிந்தாலும் அன்றே காட்ட வேண்டும். வலி குறைந்துவிட்டது, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். ஆழமாக வெந்த இடத்தில் நரம்பும் வெந்துபோவதால் வலியே தெரியாமல் போகலாம்.