இரண்டு வாசல் வைத்த சோலார் செல்

லித்தியம் ஓரிடத்தில் நிற்காது. சிலிக்கான் துண்டுக்குள் அதைப் புகுத்தினால், சாதாரண அறை வெப்பத்திலேயே மெல்ல மெல்ல உள்ளே நகர்ந்துகொண்டிருக்கும். 1953-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் மூன்று பேரைப் பாடாய்ப் படுத்தியது இந்த நகர்வுதான்.

டாரில் சாப்பின் ஒரு பொறியாளர். ஈரப்பதம் மிகுந்த வெப்பப் பகுதிகளில் தொலைபேசிக் கருவிகளுக்கு வைத்த பேட்டரிகள் சீக்கிரமே கெட்டுப்போயின; அதற்கு மாற்று தேடுவது அவர் வேலை. வெளிச்சத்தை மின்சாரமாக்கும் செலினியம் செல்களை வெயிலில் வைத்துப் பார்த்தார். விழுந்த வெளிச்சத்தில் நூற்றில் ஒரு பங்குகூட மின்சாரமாகவில்லை. அதே ஆய்வகத்தில் இயற்பியலாளர் ஜெரால்டு பியர்சனும் வேதியியலாளர் கால்வின் ஃபுல்லரும் வேறொரு வேலையாகச் சிலிக்கானில் பிற தனிமங்களைக் கலந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். லித்தியம் கலந்து அவர்கள் செய்த துண்டு ஒன்று வெளிச்சம் பட்டதும் நல்ல மின்னோட்டம் தந்தது. செலினியத்தோடு மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு இதைப் பாருங்கள் என்று பியர்சன் சாப்பினிடம் சொன்னார்.

பார்த்தார். செலினியத்தைவிடப் பல மடங்கு மேல். ஆனால் நாளாக ஆக மின்சாரம் குறைந்தது. காரணம் லித்தியம்: அது உள்ளே போகப் போக, மின்சாரம் பிறக்கும் இடமான, இருவகைச் சிலிக்கான் சேரும் சந்திப்பும் வெளிச்சம் படும் மேற்பரப்பைவிட்டு ஆழத்துக்குப் போனது. லித்தியத்துக்குப் பதில் போரானை மேற்பரப்பில் மிக மெல்லிய படலமாக ஊடுருவ வைத்து ஃபுல்லர் இதைச் சரிசெய்தார். செயல்திறன் 6 சதவீதம் வரை ஏறியது. 1954 ஏப்ரல் 25 அன்று அந்தச் செல்லை வைத்து ஒரு பொம்மை ராட்டினத்தைச் சுற்றவிட்டு உலகுக்குக் காட்டினார்கள்.

நோய் இன்னதென்று சாப்பினின் மீட்டர் காட்டியது. மருந்து ஃபுல்லரின் உலையில் இருந்தது. இருவரையும் சேர்த்துவைத்தவர் பியர்சன். சோலார் ஆய்வின் பிற்காலக் கதையும் ஏறக்குறைய இப்படித்தான் போகிறது. என்ன, மூவரும் ஒரே கட்டடத்தில் இருக்க மாட்டார்கள்.

சரி, அந்தச் செல்லுக்குள் என்ன நடக்கிறது? சிலிக்கான் ஒரு குறைக்கடத்தி. அதன் எலெக்ட்ரான்கள் பொதுவாக அணுக்களோடு கட்டுண்டு கிடக்கும். அவற்றை விடுவிக்கக் குறைந்தபட்சம் 1.12 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். இதை ஆற்றல் இடைவெளி என்கிறார்கள். வெளிச்சத்தின் துகளான ஃபோட்டான் ஒன்று அந்த ஆற்றலோடு வந்து விழுந்தால் எலெக்ட்ரான் எழுந்துவிடும். அது விட்டுப்போன காலியிடத்துக்குத் ‘துளை’ என்று பெயர். எழுந்த எலெக்ட்ரானைச் சும்மா விட்டால் ஏதாவது ஒரு துளையில் மறுபடி விழுந்துவிடும், வந்த ஆற்றலும் வெப்பமாகிப் போய்விடும். விழுவதற்குள் எலெக்ட்ரானை ஒரு பக்கமும் துளையை எதிர்ப்பக்கமும் பிரித்து அனுப்ப வேண்டும். ஒரு பக்கம் போரானும் இன்னொரு பக்கம் பாஸ்பரஸும் கலந்த சிலிக்கான் சந்திக்கும் இடத்தில் இயல்பாகவே ஒரு மின்புலம் உண்டு. பிரித்து அனுப்ப அது உதவுகிறது. வெளியே கம்பி இணைத்தால், போன எலெக்ட்ரான் சுற்றி வந்து துளையைச் சேரும். அந்தச் சுற்றுப்பயணம்தான் நமக்கு மின்சாரம்.

ஆற்றல் இடைவெளியை நுழைவுச்சீட்டு விலை என்று நினைத்துக்கொள்ளுங்கள். விலைக்குக் குறைவாகக் கையில் வைத்திருப்பவரை உள்ளே விடமாட்டார்கள். கூடுதலாகக் கொடுப்பவருக்குப் பாக்கிச் சில்லறை தரமாட்டார்கள். அகச்சிவப்பு ஒளியின் பெரும்பகுதி முதல் வகை. சூரிய ஆற்றலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இப்படிச் சிலிக்கானை ஊடுருவிச் சும்மா போய்விடுகிறது. பச்சை ஒளியின் ஃபோட்டான் சுமார் 2.3 எலெக்ட்ரான் வோல்ட்டோடு வரும். அதில் 1.12 போக மீதியெல்லாம் சூடு. நீல ஒளியில் வீணாவது இன்னும் அதிகம். இந்த இரண்டு வகை இழப்பிலேயே பாதி ஆற்றல் போய்விடுகிறது.

1961-இல் இயற்பியலாளர்கள் வில்லியம் ஷாக்லியும் ஹான்ஸ் குவைசரும் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். எவ்வளவு கச்சிதமாகச் செய்தாலும், ஒரே பொருளாலான ஒரு செல் சாதாரண வெயிலில் ஓர் எல்லையைத் தாண்ட முடியாது; அவர்கள் முறையில் பின்னாளில் போட்ட கணக்குப்படி அது ஏறக்குறைய 33.7 சதவீதம். சிலிக்கானுக்கென்று தனியாகப் பார்த்தால் எல்லை 29.4. ஆய்வகச் சிலிக்கான் செல்கள் 27-ஐத் தாண்டிவிட்டன. அதாவது இன்னும் கறக்க இருப்பது ஏறக்குறைய இரண்டு சதவீதப் புள்ளிதான். ஆய்வாளர்களுக்கு அது வாழ்நாள் வேலையாக இருக்கலாம். ஆனால் பெரிய தாவல் அங்கே இல்லை.

தாவல் வேண்டுமானால் இன்னொரு வாசல் வைக்க வேண்டும். மேலே விலை கூடிய வாசல், கீழே விலை குறைந்த வாசல். நீலமும் பச்சையும் மேல் அடுக்கில் நல்ல விலை கொடுத்து நுழையட்டும். அங்கே நுழைய முடியாத சிவப்பும் அகச்சிவப்பின் ஒரு பகுதியும் கீழே உள்ள சிலிக்கானுக்குப் போகட்டும். இதுதான் அடுக்கு செல். செயற்கைக்கோள்களில் பல அடுக்கு செல்கள் ஏற்கெனவே உண்டு, ஆனால் யானை விலை. சிலிக்கான் மேல் மலிவாகப் பூசக்கூடிய ஒரு பொருளுக்காகத்தான் காத்திருந்தார்கள்.

அது வந்த வழி வேடிக்கையானது. 1839-இல் ஊரல் மலையில் கிடைத்த ஒரு கனிமத்தை குஸ்டாஃப் ரோஸ் ஆராய்ந்து, பெரோவ்ஸ்கி என்ற ரஷ்யப் பிரமுகர் பெயரால் பெரோவ்ஸ்கைட் என்று அழைத்தார். வெளிச்சத்தால் மின்னோட்டம் பிறப்பதை எட்மண்ட் பெக்கரல் பாரிஸில் கண்டதும் அதே 1839-இல்தான். இரண்டுக்கும் சம்பந்தம் வர 170 வருடம் ஆனது. அந்தக் கனிமத்தின் படிக அமைப்பையே கொண்ட, ஆனால் ஈயமும் அயோடினும் கரிம அயனியும் சேர்ந்த ஒரு பொருளை 2009-இல் ஜப்பானில் சுடோமு மியாசாகாவின் குழு சோலார் செல்லில் வைத்துப் பார்த்தது. கிடைத்தது 3.8 சதவீதம். அதுவும் செல்லில் இருந்த திரவத்தில் பெரோவ்ஸ்கைட் சீக்கிரமே கரைந்து போனது. 2012-இல் தென்கொரியாவின் நாம்-கியூ பார்க், சுவிட்சர்லாந்தின் மைக்கேல் கிராட்ஸெல் குழுவினர் ஒரு பக்கமும், ஆக்ஸ்ஃபோர்டின் ஹென்றி ஸ்னெய்த் மியாசாகாவோடு சேர்ந்து இன்னொரு பக்கமும் திரவத்தைத் தூக்கிவிட்டுத் திடப்பொருளை வைத்தார்கள். செயல்திறன் 10 சதவீதத்தை ஒட்டி வந்தது. அப்புறம் ஆளாளுக்கு இதில் இறங்கிவிட்டார்கள்.

பெரோவ்ஸ்கைட்டின் நுழைவுச்சீட்டு விலையை நாமே வைக்கலாம். அயோடினைக் குறைத்து புரோமினைக் கூட்டினால் விலை ஏறும். சிலிக்கான் மேல் உட்கார 1.68 எலெக்ட்ரான் வோல்ட் வாக்கில் இருந்தால் தோது. ஏனென்றால், தொடராக இணைத்த இரண்டு அடுக்குகளிலும் ஒரே மின்னோட்டம்தான் ஓட முடியும். எது குறைவாகத் தருகிறதோ அதன் அளவுக்கே மற்றதும் இறங்க வேண்டியிருக்கும். புரோமினை அளவுக்கு மீறிக் கூட்டினாலும் வம்பு: வெயில் பட்டதும் அயோடின் ஒரு பக்கமும் புரோமின் ஒரு பக்கமும் ஒதுங்கிக் கூடிவிடும்.

என் கணிப்பில், அடுக்கு செல்லின் உண்மையான பாடு பெரோவ்ஸ்கைட்டுக்குள் இருப்பதைவிட அதன் ஓரங்களில்தான் அதிகம். அரை மைக்ரோமீட்டர் தடிமனுள்ள அந்தப் படலத்தில் பிறந்த துளை, பக்கத்து அடுக்கைத் தாண்டி மின்முனைக்குப் போக வேண்டும். அந்த எல்லையில் ஒரு குறை இருந்தாலும் எலெக்ட்ரானும் துளையும் அங்கேயே சந்தித்து அணைந்துவிடும். இந்த இடத்துக்கு விடை லிதுவேனியாவின் கௌனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்து வேதியியலாளர்களிடமிருந்து வந்தது. அவர்கள் உருவாக்கிய மூலக்கூறின் ஒரு முனையில் பாஸ்போனிக் அமிலம்; அது ஆக்சைடு மின்முனையைக் கொக்கிபோல் பற்றிக்கொள்ளும். மறுமுனையில் கார்பசோல், அது துளையை வாங்கிக் கீழே அனுப்பும். கரைசலை ஊற்றிச் சூடாக்கிக் கழுவினால், பிடித்துக்கொண்ட ஒரு வரிசை மட்டும் நிற்கும், மற்றதெல்லாம் கழுவலோடு போய்விடும். அடுக்கின் தடிமன் ஒரே ஒரு மூலக்கூறு. அதற்குக் கீழே சிலிக்கான் பரப்பு மேடுபள்ளமாக இருந்தாலும் இந்த வரிசை அப்படியே தழுவிக்கொள்ளும்.

கௌனாஸில் செய்ததைப் பெர்லினின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் மையத்தில் செல்லாக்கினார்கள். 2020-இல் அந்த அடுக்கு செல் 29.15 சதவீதம் தந்தது. அளந்து சான்று கொடுத்தது மூன்றாவது கை, ஃபிரான்ஹோஃபர் நிறுவனத்தின் அளவுத்திருத்த ஆய்வகம். சிலிக்கான் தனியாக ஒருநாளும் தொட முடியாத 29.4-க்கு அது ஒரு மயிரிழை கீழே. 2023-இல் சீனாவின் லோங்கி நிறுவனம் அடுக்கு செல்லில் 33.9-ஐ எட்டியபோது, ஷாக்லி–குவைசர் ஒற்றை வாசலுக்குப் போட்ட கோடும் பின்னால் போனது.

அந்த மூன்றாவது கையைப் பற்றி அதிகம் யாரும் பேசுவதில்லை. ஆனால் அது இல்லாவிட்டால் மேலே சொன்ன சதவீதங்கள் ஒன்றையும் நம்ப முடியாது. எல்லோரும் ஒரே வெயிலில் அளக்க வேண்டும் என்பதால் ஒரு தரவெயிலே வகுத்திருக்கிறார்கள்: சதுர மீட்டருக்கு 1000 வாட், செல்லின் வெப்பம் 25 டிகிரி செல்சியஸ், இன்ன நிறம் இன்ன அளவு என்று பட்டியல். ஆய்வகச் செல் பெரும்பாலும் விரல்நகத்தைவிடச் சிறியது. ஓரத்தில் விழுந்த வெளிச்சம் கண்ணாடிக்குள் பரவி வந்து சேர்ந்தாலே கணக்கு உப்பிவிடும். அதனால் பரப்பு துல்லியமாகத் தெரிந்த ஓட்டையுள்ள கறுப்புத் தகட்டை மேலே வைத்துத்தான் அளப்பார்கள்.

பெரோவ்ஸ்கைட் இதற்கும் மேலே ஒரு குழப்பம் கொண்டுவந்தது. மின்னழுத்தத்தை உயரத்திலிருந்து கீழே இறக்கி அளந்தால் ஒரு செயல்திறன். அதே செல்லில் கீழிருந்து ஏற்றி அளந்தால் இன்னொன்று. எதை வெளியிடுவது? பெரியதைத்தான் போடத் தோன்றும், மனித இயல்பு. பல குழுக்கள் பல விதமாக ஆராய்ந்ததில், படிகத்துக்குள் அயனிகள் மெல்ல இடம் மாறுவது முக்கியக் காரணம் என்று தெரிந்தது. மறுபடியும் லித்தியம் கதைதான். நிற்க வேண்டியது நகர்கிறது. இன்று ஏற்றியும் இறக்கியும் அளந்த இரண்டையும் காட்ட வேண்டும். அதிகபட்சத் திறன் தரும் புள்ளியில் செல்லை நிறுத்திவைத்து, எண் அசையாமல் நிலைக்கிறதா என்றும் பார்ப்பார்கள்.

கூட்டாகச் செய்தாலே விடை வந்துவிடும் என்றும் இல்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகம் 2008-இல் தொடங்கிய ஒரு திட்டத்தில், உலகெங்கும் ஆர்வலர்கள் தங்கள் கணினிகள் சும்மா இருக்கும் நேரத்தைக் கடனாகக் கொடுத்தார்கள். பிளாஸ்டிக் போல வளையும் கரிம சோலார் செல்லுக்கு எந்த மூலக்கூறு உதவும் என்று அவை கணக்கிட்டன. 2013-இல் சுமார் 23 லட்சம் மூலக்கூறுகளின் விவரம் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. எனக்கு மிகவும் பிடித்த முயற்சி இது. ஆனாலும் அந்தத் துறையில் பெரிய ஏற்றம் வேறு வழியில் வந்தது: எலெக்ட்ரானை வாங்கிக்கொள்ளும் பொருளாக நெடுங்காலம் கோலோச்சிய, ஃபுல்லரின் என்ற பந்து வடிவக் கார்பன் மூலக்கூறைக் கைவிட்டு, புது வடிவ மூலக்கூறுகளைச் செய்து பார்த்த வேதியியலாளர்களிடமிருந்து. தேடும் இடத்தைத் தப்பாக வகுத்துவிட்டால் லட்சம் கணினி இருந்தும் அதற்கு வெளியே எட்டிப் பார்க்காது.

இன்னொரு முயற்சி பெரோவ்ஸ்கைட் தரவுத்தளம். பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து 15,000-க்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகளைப் படித்து, 42,000-க்கும் மேற்பட்ட செல்களின் விவரங்களைக் கையால் பதிந்தார்கள். புகழ் கிடைக்காத, கண் வலிக்கிற வேலை.

இப்போது எல்லோரையும் அரிப்பது ஆயுள். சிலிக்கான் பேனல் 25 வருடம் உழைக்கும். பெரோவ்ஸ்கைட்டுக்கு ஈரமும் ஆகாது, சூடும் ஆகாது. பெர்லின் செல் 300 மணி நேரத்துக்குப் பிறகும் 95 சதவீதத் திறனைக் காத்துக்கொண்டதே அப்போது நல்ல செய்தி. எதை வைத்து ஆயுளை ஒப்பிடுவது என்பதிலேயே ஆளுக்கொரு முறை இருந்ததால், பல ஆய்வகங்கள் கூடி 2020-இல் பெரோவ்ஸ்கைட்டுக்கென்று பொதுச் சோதனை நெறிகளை ஒப்புக்கொண்டன. அதில் ஒன்று, செல்லை விளக்கின் கீழே ஒரே மூச்சில் எரியவிடாமல், வெளிச்சமும் இருட்டும் மாற்றி மாற்றிக் கொடுப்பது. காரணம் இருக்கிறது. பகலில் தளர்ந்த பெரோவ்ஸ்கைட் செல் சில சமயம் இரவு இருட்டில் ஓரளவு தேறி, காலையில் மறுபடி நன்றாக வேலை செய்கிறது. சில செல்களோ நேர்மாறாக, இருட்டில் வைத்தால்தான் கெடுகின்றன.